சைவம், அசைவம்: சொல்லும் ஷரீஅத்தும்

 



மனிதனுடைய வாய்க்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, உணவை உள்ளே அனுப்புவது. மற்றொன்று, சொல்லை வெளியே அனுப்புவது. இவ்விரண்டுக்கும் நாளை மறுமையில் கணக்கு உண்டு என்பதை நாம் அனைவரும் அறிவோம். இந்த உணவும் சொல்லும் ஒன்றாகச் சந்திக்கும் ஒரு விஷயத்தைப் பற்றி இம்மாதம் சிறிது சிந்திப்போம். அதுதான் 'அசைவம்' என்ற சொல்.

இந்தச் சொல்லில் சிந்திக்க என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். ஆனால் எங்கள் வேங்கிக்காலில் இந்தச் சொல்லைக் கேட்காமல் ஒரு நாளும் கழிவதில்லை. வேங்கிக்கால், திருவண்ணாமலை நகரை ஒட்டிய ஊர். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இங்கேதான் இருக்கிறது. பௌர்ணமி வந்துவிட்டால் மலையைச் சுற்றிச் சுமார் 14 கிலோமீட்டர் நடப்பதற்காகப் பல மாநிலங்களிலிருந்தும் மக்கள் வந்து குவிகிறார்கள். கோயில் நகரம் ஆகையால் எந்தத் தெருவில் திரும்பினாலும் 'சைவ உணவகம்' என்ற பலகையைப் பார்க்கலாம். அதற்கு எதிர்ப்புறத்தில் 'அசைவ உணவகம்' என்ற பலகையும் இருக்கும். இரண்டுக்கும் நடுவே நம் பிள்ளைகள் வேலைக்கும் கல்லூரிக்கும் போய்வருகிறார்கள்.

இதனால் நம் வீடுகளில் இரண்டு கேள்விகள் எழுகின்றன.

முதலாவது: வெளியில் சாப்பிடப் போகும் பிள்ளை, அங்கே உள்ள இறைச்சி ஹலாலா என்று உறுதியாகத் தெரியாததால், பரிமாறுபவரிடம் "எனக்குச் சைவம்" என்று சொல்லிவிடுகிறது. இது வீட்டுப் பெரியவர்கள் காதில் விழுந்துவிட்டால், "கலிமாச் சொன்ன வாயால் நான் சைவம் என்று சொல்லலாமா? ஈமான் என்னாவது?" என்று கோபிக்கிறார்கள். பிள்ளையோ பயந்துபோய் நிற்கிறது.

இரண்டாவது: மகனுக்கு வலீமா விருந்து கொடுக்க வேண்டும். கையில் இருப்பதோ குறைவு. "சைவச் சாப்பாடு போட்டால் ஜமாஅத்தில் தலைகாட்ட முடியுமா? நாம் என்ன சைவர்களா?" என்று சொல்லி, வட்டிக்குக் கடன் வாங்கியாவது ஆட்டுக்கறி பிரியாணி போட்டுவிடுகிறார்கள்.

பாருங்கள்! முதல் வீட்டில் பிள்ளை ஹராமுக்குப் பயந்து ஒரு சொல்லைச் சொல்கிறது, அதை ஏசுகிறோம். இரண்டாவது வீட்டில் அதே சொல்லுக்குப் பயந்து ஹராமில் போய் விழுகிறோம். அதைப் பெருமை என்கிறோம். ஒரு சொல்லின் பொருள் விளங்காததால் எவ்வளவு பெரிய தலைகீழான காரியம் நடக்கிறது!

சொல் வந்த வழி

'சைவம்' என்பது 'சிவ' என்ற வடசொல்லிலிருந்து பிறந்தது. சிவனை வணங்கும் சமயம் என்பதே அதன் நேர்ப்பொருள். சைவ மடங்களைச் சேர்ந்தவர்களும், அச்சமயத்தில் தீட்சை பெற்றவர்களும் புலால் உண்ணாமையை ஒழுக்கமாகக் கொண்டிருந்தார்கள். நாளடைவில் அவர்கள் உண்ணும் உணவுக்கும் 'சைவம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. வடமொழியில் ஒரு சொல்லின் முன் 'அ' சேர்ந்தால் அது இன்மையைக் காட்டும். நீதி, அநீதி என்பது போல, சைவம் அல்லாதது அசைவம் ஆயிற்று.

பழந்தமிழில் இந்த உணவுக்கு வேறு சொற்கள் இருந்தன. ஊன், புலால், இறைச்சி என்பவை அவை. திருக்குறளில் இதைப் பற்றிய அதிகாரத்திற்குப் 'புலால் மறுத்தல்' என்றுதான் பெயர். இன்று நாம் இறைச்சிக்கு வழங்கும் 'கறி' என்ற சொல்லோ சங்க நூல்களில் மிளகைக் குறித்தது. மிளகு சேர்த்துச் சமைத்ததும் கறியாகி, பிறகு நம் வீடுகளில் "கறி வாங்கி வா" என்றால் ஆட்டிறைச்சி என்றே ஆகிவிட்டது. இலங்கைத் தமிழர்கள் காய்கறி உணவை 'மரக்கறி' என்றும், மீன் இறைச்சி சேர்ந்த உணவை 'மச்சம்' என்றும் சொல்வார்கள். மச்சம் என்றால் மீன் என்பது அதன் மூலப்பொருள்.

வடநாட்டுக்குப் போனாலோ விஷயம் வேறு. அங்கே காய்கறிச் சாப்பாட்டுக் கடைக்கு 'வைஷ்ணவ' உணவகம் என்று பலகை எழுதுவார்கள். அதே பருப்பு, அதே சோறு! இங்கே அதற்குச் சிவனின் பெயர். அங்கே விஷ்ணுவின் பெயர். ஆங்கிலேயருடைய நாட்டிலோ 1847ஆம் ஆண்டில் புலால் உண்ணாதோருக்கென ஒரு சங்கம் தொடங்கப்பட்டபோது, எந்தச் சமயத்தின் பெயரையும் வைக்காமல் 'வெஜிடேரியன்' என்ற சொல்லை வைத்துக்கொண்டார்கள். அச்சொல் நம் நாட்டுக்கு வந்து, முன்னால் ஒரு 'நான்' சேர்ந்து, 'நான்வெஜ்' என்று நம் குழந்தைகள் வாயில் புரளுகிறது. அதுவும் 'அசைவம்' போன்ற சொல்தான். இன்னது அல்லாதது என்று சொல்கிறதே தவிர, இன்னது என்று சொல்வதில்லை.

இன்னும் கவனியுங்கள். நெற்றியில் திருநீறு பூசி, நாள்தோறும் கோயிலுக்குப் போய்வரும் நம் சகோதர சமயத்தவர் பலர், "நான் அசைவம்" என்று தயங்காமல் சொல்கிறார்கள். தாம் சிவனை வணங்காதவர் என்றா அதற்குப் பொருள்? இல்லை. தாம் மீனும் கறியும் உண்பவர் என்பதே பொருள். அவர்களுடைய பெரியபுராணமே, வேடரான கண்ணப்பர் இறைச்சியைப் படைத்து வணங்கியதாகக் கூறுகிறது. ஆகவே சமயத்தின் பெயராக வரும் சைவம் வேறு. சாப்பாட்டின் பெயராக வரும் சைவம் வேறு என்பதை அவர்களே நடைமுறையில் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

'நான் சைவம்' என்று சொல்லலாமா?

இப்பொழுது மஸ்அலாவுக்கு வருவோம். சொற்களை எப்படி எடுத்துக்கொள்வது என்பதற்கு நம் ஃபிக்ஹுடைய இமாம்கள் அழகான ஒரு சட்டம் வகுத்திருக்கிறார்கள். அதற்கு 'உர்ஃப்', அதாவது மக்களின் வழக்கம் என்று பெயர்.

மதரஸாக்களில் ஓதப்படும் ஹிதாயா என்ற ஹனஃபி மத்ஹபுடைய நூலில், சத்தியங்களைப் பற்றிய பாடத்தில் ஒரு மஸ்அலா வருகிறது. ஒருவர், "அல்லாஹ் மீது ஆணையாக, நான் லஹ்ம் (இறைச்சி) சாப்பிட மாட்டேன்" என்று சத்தியம் செய்தார். பிறகு மீன் சாப்பிட்டார். அவருடைய சத்தியம் முறிந்ததா? திருக்குர்ஆனில் அந்நஹ்ல் அத்தியாயத்தில், கடலிலிருந்து கிடைக்கும் மீனையும் அல்லாஹ் 'லஹ்ம்' என்ற சொல்லாலேயே குறிப்பிடுகிறான். அப்படியிருந்தும் அவர் சத்தியம் முறியவில்லை என்று இமாம்கள் தீர்ப்புச் சொன்னார்கள். ஏன்? பேச்சுவழக்கில் லஹ்ம் என்றால் யாரும் மீனை எண்ணுவதில்லை. சத்தியம் செய்தவர் மக்களுடைய பேச்சுவழக்கில்தான் பேசினார். நம் ஊரிலும் "கறி வாங்கி வா" என்று அனுப்பினால் எந்தப் பிள்ளையும் மீனை வாங்கி வருவதில்லை அல்லவா?

சொற்கள் ஊருக்கு ஊர், மொழிக்கு மொழி இப்படி மாறும். அரபியில் லஹ்ம் என்றால் இறைச்சி. அரபிக்கு உறவான ஹீப்ரு மொழியில் அதே வேரிலிருந்து வந்த லெஹெம் என்ற சொல்லுக்கு ரொட்டி என்று பொருள். ஒரே வேர், ஒரு மக்களுக்கு அது ரொட்டி, இன்னொரு மக்களுக்கு அது இறைச்சி.

எனவே, உணவு விடுதியில் ஒரு முஸ்லிம் "எனக்குச் சைவம்" என்று சொன்னால், கேட்பவரும் சொல்பவரும் காய்கறிச் சாப்பாடு என்றுதான் விளங்கிக்கொள்கிறார்கள். மதத்தைப் பற்றி அங்கே யாரும் கேட்கவுமில்லை. யாரும் பதில் சொல்லவுமில்லை. ஆகவே அதனால் ஈமானுக்கு எந்தக் குறையும் வராது. அந்தப் பிள்ளையை ஏசுவது தவறு. ஹலாலா ஹராமா என்று தெரியாததை விட்டு ஒதுங்கிய அந்தப் பேணுதலுக்காக அதைப் பாராட்ட வேண்டும். ஆயினும், "காய்கறிச் சாப்பாடு போதும்" என்றோ "மரக்கறி உணவு" என்றோ சொல்லப் பழகினால் எந்த மயக்கமும் இல்லாமல் போகும். அது மேலானது, கடமை அல்ல.

இங்கே ஒரு எச்சரிக்கையும் உண்டு. பேணுதல் வேறு, வீண் சந்தேகம் வேறு. புதிதாக இஸ்லாத்தை ஏற்ற சிலர் கொண்டுவரும் இறைச்சியைப் பற்றி, அறுக்கும்போது அல்லாஹ்வின் பெயர் சொன்னார்களோ இல்லையோ தெரியவில்லையே என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்கப்பட்டது. நீங்கள் அல்லாஹ்வின் பெயரைச் சொல்லிச் சாப்பிடுங்கள் என்று அவர்கள் பதிலளித்ததாக அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் பதிவாகியிருக்கிறது. ஒரு முஸ்லிம் சகோதரர் தம் கடையில் விற்கும் இறைச்சியைக் குறித்துத் துருவித் துருவி விசாரணை செய்யும்படி மார்க்கம் நம்மை ஏவவில்லை.

ஒரே மூட்டையில் கட்டிய பல பொருள்கள்

'நான் சைவம்' என்று சொல்வதில் குற்றமில்லை என்று பார்த்தோம். அப்படியானால் இந்தச் சொல்லால் தீங்கே இல்லையா? உண்டு. அந்தத் தீங்கு நாவில் இல்லை. நம் எண்ணத்தில் இருக்கிறது.

'அசைவம்' என்ற சொல் ஒரு பெரிய மூட்டையைப் போன்றது. பிஸ்மில்லாஹ் சொல்லி முறையாக அறுத்த ஆடும் அதற்குள்தான், தானாகச் செத்ததும் அதற்குள்தான், பன்றியும் அதற்குள்தான், அறுக்கத் தேவையே இல்லாத மீனும் அதற்குள்தான். முட்டையை மூட்டைக்குள் போடுவதா வெளியே வைப்பதா என்று அவர்களுக்குள்ளேயே வழக்கு தீரவில்லை. ஷரீஅத்தோ இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சட்டம் சொல்கிறது. அப்படியிருக்க, "நாங்கள் அசைவம், எல்லாம் சாப்பிடுவோம்" என்று ஒரு முஸ்லிம் சொன்னால், அதில் 'எல்லாம்' என்ற வார்த்தை பொய்யாகிவிடுகிறது. நாம் எல்லாம் சாப்பிடுகிறவர்கள் அல்லர்.

மூட்டைக்கு வெளியே இருப்பதைப் பாருங்கள். மது எதிலிருந்து செய்யப்படுகிறது? திராட்சையிலிருந்தும் தானியத்திலிருந்தும்தான். சாப்பாட்டுக் கணக்கில் அது சைவம்! ஆனால் ஷரீஅத்தில் அது ஹராம்களின் தலைவாசல். கடைகளில் விற்கும் பொட்டலங்களில் பச்சைப் புள்ளி ஒன்று இருப்பதைப் பார்க்கிறோம். அதில் உள்ளது சைவம் என்பதற்கு அது சாட்சி. அதற்குமேல் அது எதற்கும் சாட்சி அல்ல. அநாதையின் சொத்தை ஏமாற்றிப் பறித்து, அந்தப் பணத்தில் வாங்கிய கத்தரிக்காய் சைவம்தான். ஆனால் அல்லாஹ்விடம் அது நெருப்பு. அநாதைகளின் பொருளை அநியாயமாக உண்பவர்கள் தங்கள் வயிற்றில் நெருப்பையே உண்கிறார்கள் என்ற கருத்தை அந்நிஸா அத்தியாயத்தில் நாம் ஓதவில்லையா?

சைவம், அசைவம் என்ற பிரிவு தட்டில் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்க்கிறது. ஹலால், ஹராம் என்ற பிரிவோ தட்டுக்கு அது எந்த வழியாக வந்தது என்றும் சேர்த்துப் பார்க்கிறது.

நீண்ட பயணம் செய்து, தலைவிரி கோலமாக, புழுதி படிந்து, வானத்தை நோக்கிக் கையேந்தி, "என் இறைவா! என் இறைவா!" என்று அழைக்கும் ஒரு மனிதரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வர்ணித்தார்கள். அவர் உண்டது ஹராம், குடித்தது ஹராம், உடுத்தியது ஹராம். அவருடைய துஆ எப்படி ஏற்கப்படும் என்று கேட்டார்கள். முஸ்லிம் ஷரீஃபில் வரும் இந்த ஹதீஸில், அவர் தின்றது கறியா கீரையா என்று சொல்லப்படவே இல்லை.

நம் மார்க்கம் தந்த சொற்கள்

பிராணிகளை உண்பதைப் பற்றி அல்லாஹ்வும் ரஸூலும் பயன்படுத்திய சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், ஒவ்வொன்றிலும் ஒரு பாடம் இருக்கிறது.

ஹலால்: இது 'ஹல்ல' என்ற வேரிலிருந்து வந்தது. முடிச்சை அவிழ்ப்பது என்பது அதன் ஒரு பொருள். தாஹா அத்தியாயத்தில் நபி மூஸா (அலை) அவர்கள் தம் நாவிலுள்ள முடிச்சை அவிழ்க்குமாறு துஆச் செய்யும் இடத்திலும் இதே வேர்ச்சொல்தான் வருகிறது. இதிலிருந்து என்ன விளங்குகிறது? ஓர் உயிரை எடுப்பது என்பது கட்டி வைக்கப்பட்ட காரியம். அந்த முடிச்சை அவிழ்த்துத் தந்தவன் அதைப் படைத்தவன். நாம் பலசாலிகள் என்பதால் நமக்குக் கிடைத்த உரிமை அல்ல அது. உயிரின் உடைமையாளன் தந்த அனுமதி. அதனால்தான் கத்தியை வைக்கும்போது அவன் பெயரைச் சொல்கிறோம். வேண்டுமென்றே பெயர் சொல்லாமல் விட்டால் அந்த இறைச்சி கூடாது என்பது வடமாவட்டங்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபின் சட்டம். கடற்கரை ஊர்களில் அதிகமாக உள்ள ஷாஃபியீ மத்ஹபில் பெயர் சொல்வது வலியுறுத்தப்பட்ட சுன்னத். எந்த மத்ஹபிலும் அது அலட்சியமான காரியம் அல்ல.

தய்யிப்: அல்பகரா அத்தியாயத்தில் உண்ணுமாறு மனித குலத்தையே அழைக்கும் இடத்தில், ஹலால் என்ற சொல்லோடு தய்யிப் என்ற சொல்லையும் அல்லாஹ் சேர்க்கிறான். தூய்மையானது, நல்லது, மனம் ஏற்பது என்று அதற்குப் பொருள். கெட்டுப்போன இறைச்சியும், அசுத்தமான இடத்தில் ஈ மொய்க்கத் தொங்கும் இறைச்சியும் முறையாக அறுக்கப்பட்டிருக்கலாம். ஆனால் தய்யிப் அல்ல.

பஹீமத்துல் அன்ஆம்: ஆடு, மாடு, ஒட்டகங்களை அனுமதிக்கும்போது அல்மாயிதா அத்தியாயத்தின் தொடக்கத்தில் வரும் சொல் இது. 'பஹீமா' என்பது மூடியிருப்பது, விளங்காதிருப்பது என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. தன் வேதனையை விளங்கும்படி எடுத்துச் சொல்ல அதற்கு வாய் இல்லை. நம் தாய்மார்கள் 'வாயில்லாச் சீவன்' என்று சொல்கிறார்களே, அதுவே பஹீமா! 'அன்ஆம்' என்பதோ 'நிஃமத்' என்ற சொல்லுக்கு உறவு. நிஃமத் என்றால் அருட்கொடை. வாயில்லாச் சீவன், அல்லாஹ்வின் அருட்கொடை என்ற இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து நினைவூட்டிய பிறகே அதை உண்ண அனுமதி வருகிறது.

முதுகும் வயிறும் ஒட்டிப்போன ஓர் ஒட்டகத்தைக் கடந்து சென்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், இந்த வாயில்லாப் பிராணிகள் விஷயத்தில் அல்லாஹ்வை அஞ்சுமாறு எச்சரித்தார்கள். அவை நல்ல நிலையில் இருக்கும்போது ஏறிச் செல்லவும், நல்ல நிலையில் இருக்கும்போது உண்ணவும் சொன்னார்கள். இது அபூதாவூதில் வருகிறது. அதை உண்ணலாம் என்று சொன்ன அதே வாக்கில்தான் அதன் விஷயத்தில் அல்லாஹ்வை அஞ்சச் சொன்னதும் இருக்கிறது.

தகாத்: முறைப்படி அறுப்பதற்கு ஷரீஅத் வழங்கும் சொல் இது. ஒன்றை முழுமையாக்குவது என்பது அதன் மூலப்பொருள் என்று அரபி அகராதி ஆசிரியர்கள் சொல்கிறார்கள். கழுத்தை அறுத்துவிட்டால் மட்டும் முழுமை ஆகிவிடாது. அறுக்கும்போதும் அழகாக அறுக்க வேண்டும், கத்தியைக் கூர்மையாக்கிப் பிராணிக்கு ஆறுதல் தர வேண்டும் என்ற கட்டளை முஸ்லிம் ஷரீஃபில் இருக்கிறது. ஆட்டைக் கிடத்திவிட்டு அதன் கண்ணெதிரே கத்தி தீட்டிக்கொண்டிருந்த ஒருவரைப் பார்த்து, அதை இரண்டு முறை சாகடிக்கப் பார்க்கிறாயா என்று நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். கால்களைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு இருசக்கர வண்டியில் கோழிகளைக் கொண்டுபோவதையும், மூச்சு விட இடமின்றி லாரியில் மாடுகளை அடைத்துக்கொண்டு போவதையும் நாம் பார்க்கிறோம். வாங்குபவரும் விற்பவரும் முஸ்லிம்களாக இருந்தால் இந்தக் கேள்வி அவர்களைச் சும்மா விடாது.

'அசைவம்' என்ற சொல் இவற்றில் எதையும் நமக்கு நினைவூட்டுவதில்லை.

இறைச்சி இல்லாத வலீமா

இறைச்சி உண்பது இஸ்லாத்தின் அடையாளம் என்று எண்ணிக்கொண்டிருப்பவர்கள் நாயகம் (ஸல்) அவர்களுடைய வீட்டை எட்டிப் பார்க்கட்டும். மாதங்கள் கழியும், அடுப்பு எரியாது, பேரீத்தம்பழமும் தண்ணீருமே உணவாக இருக்கும் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சொல்கிறார்கள். தையற்காரர் ஒருவர் கொடுத்த விருந்தில் சுரைக்காயும் உப்புக்கண்டமும் ஒரே குழம்பில் இருந்தன. நாயகம் (ஸல்) அவர்கள் தட்டின் ஓரங்களில் சுரைக்காய்த் துண்டுகளைத் தேடி எடுத்து உண்டார்கள். அதைக் கண்ட அனஸ் (ரலி) அவர்கள் அன்றுமுதல் சுரைக்காயை விரும்பலானார்கள். ஆட்டின் முன்சப்பையும் நாயகம் (ஸல்) அவர்களுக்குப் பிரியமானதுதான். இரண்டும் அல்லாஹ்வின் ரிஸ்க். இரண்டுக்கும் ஒரே பிஸ்மி, ஒரே ஹம்து.

இப்பொழுது வலீமா விஷயத்தைக் கேளுங்கள். அன்னை ஸைனப் (ரலி) அவர்களை மணந்தபோது நாயகம் (ஸல்) அவர்கள் ஆடு அறுத்து விருந்து கொடுத்தார்கள். அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களை மணந்தபோதோ பேரீத்தம்பழமும் பாலாடைக்கட்டியும் நெய்யும் விரிப்பில் வைக்கப்பட்டன. அந்த விருந்தில் ரொட்டியும் இல்லை, இறைச்சியும் இல்லை என்று அனஸ் (ரலி) அவர்கள் தெளிவாகவே சொல்லியிருப்பது புகாரியில் இருக்கிறது. இன்றைய பேச்சில் சொன்னால், ரஸூலுல்லாஹ்வின் அந்த வலீமா சைவ விருந்து! அதைவிடக் கண்ணியமான வலீமா உலகில் எங்கே நடக்கும்?

வசதி இருந்தால் ஆடு அறுங்கள், அது சுன்னத். வசதி இல்லையென்றால் சாம்பாரும் ஒரு பொரியலும் ஓர் இனிப்பும் போடுங்கள், அதுவும் சுன்னத். வட்டிக்கு வாங்கிப் போடும் பிரியாணியில் ஆடு முறைப்படி அறுக்கப்பட்டிருக்கும். ஆனால் அல்லாஹ்வும் ரஸூலும் போர் அறிவித்த ஒரு காரியத்தின் மேல் அந்தச் சட்டி வைக்கப்பட்டிருக்கிறது. கூடி உண்டவர்கள் கைகழுவிப் போய்விடுவார்கள். மாதாமாதம் வட்டி கட்டுவதோ அந்தத் தகப்பனார்தான். புதுமருமகளுடைய நகை அடகுக்குப் போவதும் அந்த வீட்டிலிருந்துதான். இறைச்சிக்கும் மதுவைப் போல ஒரு பழக்க வெறி உண்டு, எச்சரிக்கையாக இருங்கள் என்று ஹளரத் உமர் (ரலி) அவர்கள் சொன்னது முஅத்தாவில் பதிவாகியிருக்கிறது. அது இன்று நம் கல்யாண மண்டபங்களுக்கும் பொருந்துகிறது.

ஜமாஅத்துடைய பெரியவர்கள் ஒன்று செய்ய வேண்டும். காய்கறி விருந்து கொடுத்த ஏழைச் சகோதரருடைய வலீமாவுக்குத் தாங்களே முதலில் போய் உட்கார்ந்து, வயிறார உண்டு, வாயார துஆச் செய்ய வேண்டும். நூறு பயான்கள் செய்யாததை அது செய்துவிடும்.

உண்ணாதவரும் உண்பவரும்

சிலருக்கு இயல்பாகவே இறைச்சி ஒத்துக்கொள்ளாது. சிலருக்கு மருத்துவர் வேண்டாம் என்று சொல்லியிருப்பார். நம் பிள்ளைகளில் சிலர் அறுப்பதைப் பார்த்துவிட்டு மனமிரங்கி விட்டுவிடுகிறார்கள். இவர்களை ஈமான் குறைந்தவர்கள் என்று கேலி செய்யக் கூடாது. உடும்பு போன்ற ஒரு பாலைவனப் பிராணியின் இறைச்சி முன்னே வைக்கப்பட்டபோது நாயகம் (ஸல்) அவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். இது ஹராமா என்று கேட்கப்பட்டதற்கு, இல்லை, என் சமூகத்தார் ஊரில் இது இல்லாததால் எனக்கு மனம் ஒப்பவில்லை என்றார்கள். பக்கத்திலிருந்த காலித் (ரலி) அவர்கள் அதை எடுத்து உண்டார்கள். உண்ணாதவர் உண்டவரைக் கண்டிக்கவில்லை. உண்டவர் உண்ணாதவரைக் கேலி செய்யவில்லை.

எல்லை ஒன்றுதான். அல்லாஹ் ஆகுமாக்கியதை ஹராம் என்று சொல்லக் கூடாது. ஜாஹிலிய்யாக் காலத்து அரபிகள் சில ஒட்டகங்களுக்கு பஹீரா, ஸாயிபா, வஸீலா, ஹாம் என்று தாங்களாகவே பெயர் சூட்டி, அந்தப் பெயரைக் காரணம் காட்டி அவற்றைத் தடை செய்துகொண்டார்கள். அவற்றை அல்லாஹ் விதிக்கவில்லை என்று அல்மாயிதா அத்தியாயம் மறுக்கிறது. மனிதர் சூட்டும் பெயரால் ஒரு பொருள் ஹராமாவதும் இல்லை, ஹலாலாவதும் இல்லை. "எனக்கு வேண்டாம்" என்று சொல்லலாம். "இது கூடாது" என்று சொல்ல நமக்கு அதிகாரம் இல்லை.

அண்டை வீட்டாருடைய உரிமையும் இதில் சேர்ந்தது. பச்சை வெங்காயமும் பூண்டும் தின்றுவிட்டுப் பள்ளிவாசலுக்கு வர வேண்டாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். வெங்காயம் ஹலால்; ஆனால் அதன் வாடை பக்கத்தில் நிற்பவரை வருத்தக் கூடாது. அப்படியானால், பக்ரீத் அன்று குடலையும் தோலையும் தெருமுனையில் வீசுவதையும், ஏரிக்கரையில் கொட்டுவதையும் என்னவென்று சொல்வது? எங்கள் ஊர் ஏரியானாலும் உங்கள் ஊர்க் குளமானாலும் அது எல்லோருக்கும் பொதுவான தண்ணீர். குழி தோண்டிப் புதைப்பதற்கு ஒரு மண்வெட்டி போதும். புலால் உண்ணாத அண்டை வீட்டாருக்கு நம் பெருநாளில் பழமோ இனிப்போ கொடுத்தனுப்புங்கள். ஹளரத் அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள் தம் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, நம் அண்டை வீட்டு யூதருக்குக் கொடுத்தீர்களா என்றுதான் முதலில் விசாரித்தார்கள். அண்டை வீட்டார் எதை ஏற்பாரோ அதைக் கொடுப்பதே கொடுத்தலின் கருத்து.

சகோதரிகளே! நாளை உங்கள் பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "உம்மா, நாம் சைவமா, அசைவமா?" என்று கேட்டால், "நாம் ஹலாலானதையும் சுத்தமானதையும் சாப்பிடுகிறவர்கள். கறியானாலும் கீரையானாலும் வாப்பா நேர்மையாகச் சம்பாதித்த காசில் வாங்கியதைத்தான் சாப்பிடுவோம்" என்று சொல்லிக்கொடுங்கள். அந்தப் பதிலைச் சொல்லும் தகுதி நம் வீட்டுச் சம்பாத்தியத்துக்கு இருக்கிறதா என்பதை ஆண்கள் அன்றிரவே எண்ணிப் பார்க்கட்டும்.

எல்லாம் வல்ல அல்லாஹுத்தஆலா நம் நாவுகளைப் பொய்யிலிருந்தும், நம் வயிறுகளை ஹராமிலிருந்தும் காப்பானாக! நம் இல்லங்களில் ஹலாலான ரிஸ்க்கிலே பரக்கத் செய்வானாக! வட்டியில் சிக்கியிருக்கும் நம் சகோதரர்களை அதிலிருந்து விடுவிப்பானாக! வாயில்லாச் சீவன்கள் மீதும், அண்டை அயலார் மீதும் இரக்கம் கொண்ட மக்களாக நம்மை ஆக்குவானாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.